பக்கம் 312

வெள்ளவத்தை, நகைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஜன்னலில் கடல் தெரியாது,
கடலின் உப்பு மட்டும் வந்து
ஏசியின் தகரத்தைத் தின்கிறது.
இங்கேதான் ஐந்து மாதமாய்
ஹாசல்ரீட் என்ற ஜேர்மன் கிராமத்தின் வரலாறு
தட்டச்சாகிறது,
பக்கத்துக்கு நாற்பத்திரண்டு ரூபாய்.

பஸ்னாவும் நிஷாதியும் ஆளுக்கொரு பிரதி அடிக்கிறார்கள்.
இருவருக்கும் பாஷை தெரியாது.
எழுத்தின் முதுகு வளைவைப் பார்த்தே அடிக்கிறார்கள்.
இரண்டு பிரதியும் ஒத்துப்போகாத இடத்தில்
திரை மஞ்சள் காட்டும்.
மஞ்சளைத் தீர்ப்பது என் வேலை.
எனக்கு மட்டும் ஜேர்மன் எப்படித் தெரியுமென்று
கந்தோரில் யாரும் கேட்டதில்லை.

1634. படை வந்தது. விதைத் தானியத்தையும் தின்றுவிட்டுப் போனது.
எஞ்சியவை ஒன்பது வீடு, ஒரு குருடன், ஒரு சேவல்.
1771. பஞ்சம். மாவில் மரத்தூள் கலந்தவனைக்
கிணற்றடியில் கட்டிவைத்தார்கள்.
1788. நெசவுக்கார க்னாப்பின் மூன்றாம் மகன் யோஸ்ட்,
ஒல்லாந்தருக்குக் கூலிச் சிப்பாயாய்ப் போனவன்,
கொழும்பில் காய்ச்சலால் இறந்தான்.
ஊர் மணி அடிக்கப்பட்டது.

கொழும்பில் மஞ்சள்.
தன் ஊரென்று தெரியாமல்
ஓரெழுத்தை விட்டிருந்தாள் பஸ்னா.
காட்டினேன்.
"எங்க அடக்கினாங்க சேர்?" என்றாள்.
வூல்பெண்டால் கோயிலாக இருக்கலாம்.
பஞ்சிகாவத்தையில் ஏதோவொரு
உதிரிப்பாகக் கடைக்கு அடியிலும் இருக்கலாம்.

பிறகு ட்ராக்டர் வந்த வருஷம்,
பீர் விலை ஏறியதற்கு நடந்த கூட்டம்,
பாடகர் குழு இரண்டாய் உடைந்தது
(காரணம் எழுதவில்லை; ஆனால்
கோடையில் அதைப்பற்றி மட்டும்தான் பேசுவார்கள்).

1986. மூடிய பள்ளிக்கூடத்தில்
ஆசியர் பதினொருவர் தங்கவைக்கப்பட்டனர்.
குழாய் திருத்தச் செலவு 340 மார்க்.

1987, பெப்ரவரி. ஷெஃபர் வீட்டுத் தொழுவத்தில் தீ.
அயலார் உதவியால் மாடுகள் தப்பின:
லீசல், பெர்ட்டா, ரோசா, கிழட்டு முல்லி.

அயலார்.
அதில் மஞ்சள் இல்லை.
இருவருமே சரியாக அடித்திருக்கிறார்கள்.

பெர்ட்டா வரமாட்டேன் என்று நின்றாள்.
கழுத்துச் சங்கிலி கொதித்தது.
எனக்கு அப்போது தெரிந்த ஜேர்மன்
நன்றி, உருளைக்கிழங்கு, திங்கட்கிழமை.
தமிழில் தூஷணத்தால் ஏசினேன். வந்தாள்.
இடது கையில் இரண்டு விரல்
இன்னமும் முழுதாய் மடங்காது.
மாத முடிவில் முத்திரை குத்திய கடிதம்.
ஷெஃபரின் மனைவி ஒரு முழுக் கேக்கைப்
பத்திரிகையில் சுற்றித் தந்தாள்.
ஃபிராங்ஃபர்ட்டில் விமானம் ஏறும்வரை
நானும் இரண்டு பொலிஸ்காரரும்
அதைத் தின்று தீர்த்தோம்.
கட்டுநாயக்காவில் இறங்கியபோது
சட்டையில் தூள் இருந்தது.

சுவரில் ஒட்டியிருக்கிறது:
மூலத்தில் உள்ளதை மட்டும் அடிக்கவும்.
மூலத்தின் பிழையையும் அப்படியே அடிக்கவும்.

நல்ல விதிதான்.
முப்பது வருஷத்தில் எத்தனையோ பாரம்
அப்படித்தான் நிரப்பியிருக்கிறேன்.

அயலாருக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டேன்.
கதிர்காமநாதன், என்று அடித்தேன்.
அன்ரன் ஜெயசீலன்.
சுவிசுக்குப் போறன் போறனென்று
சப்பாத்தோடே படுக்கும் நல்லையா.
அவர்கள் தீயணைக்க வரவில்லை,
வேறு ஊரில் கிழங்கு கிண்டப் போயிருந்தார்கள்.
அழித்தேன்.
என் பெயரை மட்டும் விட்டேன்.

உடனே மஞ்சள் பற்றியது.

அது மூன்று நாளாய் எரிகிறது.
தீர்க்க வேண்டியவன் நான்,
மேற்பார்வையாளர் கேட்டால் கண் மங்கல் என்கிறேன்.
கெடு திங்கட்கிழமை.

கீழே பாண் ஆட்டோ வந்து நிற்கிறது.
ஷெஃபரின் மகள் பின்னேரங்களில்
பியானோவில் குதறிய அதே மெட்டு,
அதே ஒன்பதாவது சுரத்தில் தடுக்குகிறது.

நிஷாதி, ஓடிப்போய் மறி.
மாலு பணிஸ் மூன்று.