கல் கால் பணம்

காலை ஒன்பதுக்கு விலை வரும்.
அதுவரை வெல்லோ தன் தேநீரில் சர்க்கரை போடமாட்டான்.
கசப்போ இனிப்போ, திரையைப் பார்த்த பிறகுதான்.
இன்று எழுபத்தொன்று புள்ளி நான்கு.
யூரோவில்.
ஒரு டன் புகைக்கு.

நார்வா ஆற்றங்கரையில் எங்கள் கொதிகலன்கள்.
எரிப்பது நிலக்கரி அல்ல, எண்ணெய்க்கல்:
ரொட்டியின் கருகிய ஓரம் போலப் பழுப்பு,
தீக்குச்சியைக் காட்டினாலே பற்றிக்கொள்ளும்.
காலடியிலேயே கிடைக்கிறது,
எவன் கப்பலுக்கும் காத்திருக்க வேண்டாம் என்று
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம் ஒரு காலத்தில்.

இப்போது
கல் கால் பணம்
புகை முக்கால் பணம்.

கணக்குப் பிரிவு ஹெல்வே இதை அட்டவணை போட்டுக் காட்டினாள்.
எனக்குப் புரிந்தது அள்ளுவாளியைப் பார்த்தபோது.
கல்லோடு ஒரு வாளி உள்ளே போகிறது.
கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வாளி
அதே நேரம் மேலே போகிறது,
ரசீதோடு.

எழுபத்தொன்று என்றால் எட்டாம் அலகு தூங்கலாம்.
கடலோரக் காற்றாலைகள் சோம்பிக் கிடக்கும் நாளில்
மின்சாரம் விலையேறும், எழுப்பு என்பார்கள்.
பத்து மணி நேரம் பிடிக்கும் எழுப்ப.
இரும்புக்கு அவசரம் தெரியாது,
விரட்டினால் விரிசல் விடும்.
அது தூங்கும் நாட்களில்
எனக்கு மூன்றில் இரண்டு பங்கு சம்பளம்.

அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது என்று
உணவறையில் மேசையைத் தட்டிக் கேட்டவள் நான்தான்.
மறு கோடையில் எங்கள் ஐந்து மாடிக் குடியிருப்புக்கு
ஆட்கள் வந்து தடித்த சட்டை போட்டுவிட்டார்கள்,
சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, சன்னலுக்கு மூன்று கண்ணாடி.
புகைப் பணத்தில் செய்தது என்று வாசலில் ஒரு தகடு.
வீடு இப்போது கதகதப்பாக இருக்கிறது.
கதகதப்பான வீட்டுக்கு
எங்கள் கொதிகலன் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.
நானும் வீட்டில்தான் இருக்கிறேன், பாதி நாள்.

ரோடியனைச் சுரங்கத்திலிருந்து இலையுதிர் காலத்தில் அனுப்பிவிட்டார்கள்.
இப்போது சாம்பல் மலையில்
பனிச்சறுக்குக்காரர்களை மேலே இழுக்கும் கயிற்றை ஓட்டுகிறான்.
ஆமாம், சாம்பல் மலைதான்.
பல பத்தாண்டுகள் நாங்கள் எரித்து மிஞ்சியதன் மேல்
தலைநகரத்துப் பிள்ளைகள் கூவிக்கொண்டு சறுக்குகிறார்கள்.
மலைக்கு வருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரஷ்யா.
கோட்டைக்கு எதிரே கோட்டை.
இக்கரையில் புகைக்கு விலை.
அக்கரையில் அது வெறும் புகை.
பாலத்தில் பெட்டியைத் திறந்து
சாசேஜ் வரை எண்ணுகிறார்கள்.
மேற்கே வீசும் காற்றிடம்
பெட்டியைத் திற என்று எந்தக் காவலரும் கேட்டதில்லை.

"தயீசியா, நீ சொல். இந்த விலை நியாயமா?"
ஹெல்வே ஒருமுறை கேட்டாள்.
சம்பள நாள் அது. வாயில் வந்ததைச் சொன்னேன்.
அவள் அதை எந்த அட்டவணையிலும் சேர்க்கவில்லை.

பிறகு ஜனவரியில் மழை பெய்தது.
பனி அல்ல, மழை.
ஒன்பது நாள், சாம்பல் மலையின் வெள்ளை கரைந்து
கறுப்பு முதுகு தெரிய ஆரம்பித்தது.
கயிறு நின்றது.
நின்ற கயிற்றுக்குக் கூலி கிடையாது.

சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.
அவன் போனில் வானிலை.
என் போனில் விலை.
சூப்பை யாரும் தொடவில்லை.
"உன்னுடையது இறங்கினால் நமக்கு நல்லது" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இறங்கிக்கொண்டே போனால்
என்னுடையது திரும்பி வராது, இல்லையா?"
அவன் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.
நான் ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தேன்.
தேவைக்கு மேல் நறுக்கிவிட்டேன்.

இரவு இரண்டே காலுக்கு வெல்லோ அழைத்தான்.
காற்று விழுந்துவிட்டதாம்.
எட்டாம் அலகை எழுப்ப வேண்டும்.
"விலை?"
"அறுபத்தெட்டு. வா."

வெளியே இன்னும் மழை.
பூட்ஸுக்குள் கால் விட்டேன், சில்லென்றது.
நேற்று உலர்த்த மறந்திருக்கிறேன்.