நிகர எடை

வெறும் லாரி பன்னிரண்டு டன்.
ஏற்றி வந்தால் முப்பத்தெட்டு.
கழித்தால் வருவது
கொக்குப்பொத்தையில் ஒரு வாய்.
வள்ளியூர் ரோட்டு எடைமேடையில் உட்கார்ந்து
ஒன்பது வருஷமாய்
அதற்குச் சீட்டு கிழிக்கிறவள் நான்.

பொய் சொல்ல மாட்டேன்.
அந்தச் சீட்டில்தான் என் கடன் அடைந்தது,
மகள் நர்சிங் முடித்தாள்,
பஞ்சர்க் கடை மைதீன்பிச்சை மாடி எடுத்தார்,
சேசடிமை மூன்று லாரிக்குத் தவணை கட்டினான்.
பொத்தை இருந்த இடத்தில்
இரண்டு பனை ஆழத்தில் பச்சைத் தண்ணீர்.
நம்ம கிணத்துத் தண்ணிதான் அது
என்பாள் செல்லக்கனி.
அவள் தோட்டத்து மோட்டார்
காற்றைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது.
பதினான்கு மாதம் குவாரி மூடிக் கிடந்தது.
செல்லக்கனி கிணற்றில்
வாளி முங்குமளவு ஊறியது.
அதே வாரம்
சேசடிமையின் கடைசி லாரியையும்
பைனான்ஸ்காரர்கள் ஓட்டிப்போனார்கள்.
இரண்டையும் ஒரே சீட்டில்
எப்படி எழுதுவதென்று
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு காற்றாலைக்காரர்கள் வந்தார்கள்.
புகை கிடையாது, குழி கிடையாது,
ஆடிக் காற்று சும்மாதானே போகிறது
என்றார்கள். சரிதான்.
ஆனால் ஒரு காற்றாலை நிற்க
அடியில் நாற்பது லோடு ஜல்லி வேண்டுமாம்.
குவாரி திறந்தது.
மிச்சப் பொத்தையை நான்தான் நிறுத்து அனுப்பினேன்.
யாரோ ஒருவருடைய லாரியில்
டிரைவராய் வந்த சேசடிமை
கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னான்:
“படுத்துக் கிடந்த பொத்தை
எந்திரிச்சி நிக்கப் போவுதுக்கா.”
செல்லக்கனி வாளிக்கு
இன்னும் நாலு முழம் கயிறு வாங்கினாள்.

ஒரு விடியக்காலையில் இறக்கை வந்தது.
ஐந்து பஸ் நீளம்.
என் மேடை கொள்ளவில்லை.
முன்சக்கரங்கள் ஒரு தடவை,
பின்சக்கரங்கள் ஒரு தடவை,
நிறுத்துக் கூட்டினேன்.
மேடையில் நான் கூட்டல் போட்டது
அன்றைக்குத்தான்.
வண்டிக்காரப் பையன் சிரித்தான்,
டீ வாங்கிக் கொடுத்தான்.

இப்போது அது சுற்றுகிறது.
வெயிலேற ஏற
அதன் நிழல் என் கூரைமேல்
வந்து வந்து போகிறது.
குவாரி இருக்குமா, தெரியாது.
சம்பளம் பாதி வந்திருக்கிறது.

ஆடிக் காற்று அடித்தால்
ஒன்றுமே நிற்காத மேடைகூட
பத்து கிலோ காட்டும்,
இருபது காட்டும்,
பூஜ்யத்துக்குத் திரும்பாமல்
துடித்துக்கொண்டிருக்கும்.
முன்பெல்லாம் பட்டனை அமுக்கி
அதை அழித்துவிடுவேன்.
இந்த வருஷம்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.