செயப்பாட்டு வினை

பேருந்து நிலையக் கூரையில் இருந்த காற்றளவைப் பெட்டி
ஜனவரி இரண்டாம் வாரம்
பைன் மரக் குன்றுக்கு மாற்றப்பட்டது.

கோப்பில் இவ்வளவுதான்.
யார் ஏணி வைத்தது
யார் திருகாணி கழற்றியது
யார் தொலைபேசியில் "இன்றைக்கே" என்றது
எதுவும் இல்லை.
எழுவாய் இல்லாத ஒரு வாக்கியம்
தலையில்லா முண்டமாக நடந்து
பனியில் தடமில்லாமல்
குன்று ஏறியிருக்கிறது.

ஏணி வைத்தவன் நான். ஃபிக்ரேத்.
நகராட்சியில், அளவைப் பிரிவில், பதினெட்டு வருடம்.
எங்கள் ஊர் போஸ்னியாவில் ஒரு கிண்ணம்,
அடியில் எஃகு ஆலை.
குளிர்காலம் வந்தால் வானம் மூடி போட்டுவிடும்.
உள்ளே வேகுவது நாங்கள்.

பழைய இடத்தில் பெட்டி காட்டியது இருநூற்றுப் பன்னிரண்டு.
குன்றின் மேல் முப்பத்தொன்று.
"காற்றின் தரம் கணிசமாக மேம்படுத்தப்பட்டது"
என்றது பிப்ரவரி அறிக்கை.
அதே பிப்ரவரியில்
மூன்றாம் எண் மின்பேருந்து நிறுத்தப்பட்டது,
கம்பிகள் கழற்றப்பட்டன,
எந்த நாடோ கழித்துக் கட்டிய டீசல் வண்டிகள்
புதியவை என்று ரிப்பன் கட்டி இறக்கப்பட்டன.
ஆஸ்பத்திரி ஏற்றத்தில் அவை
ஆட்களை ஏற்றுவதற்கு முன்
கரியைத் துப்பின.

அதில் ஒன்றை ஓட்டுபவள் ஸும்ரேதா, என் எதிர்வீடு.
காலை ஐந்து மணிக்குப் பக்கக் கண்ணாடியில்
வெள்ளைக் கைக்குட்டை கட்டுவாள்.
இரவு அவிழ்த்து, தேதி எழுதி, உறையில் போடுவாள்.
"என்ன கணக்கு இது?"
"உன் பெட்டி மலைக்குப் போய்விட்டதே.
ஒன்றாவது கீழே இருக்க வேண்டாமா?"
நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏப்ரலில் மன்றக் கூட்டம்.
பச்சைத் துணி விரித்த நீள மேசைமேல்
அறுபத்தேழு கைக்குட்டைகளைப் பரப்பினாள்.
முனையிலிருந்து முனைக்கு
தேநீர் நிறம், செங்கல் நிறம், அப்புறம்
பெயர் வைக்க விரும்பாத ஒரு நிறம்.
"அறிவியல் முறைப்படி அளக்கப்படவில்லை" என்றார் பொறியாளர்.
"கவனத்தில் கொள்ளப்பட்டது" என்றார் தலைவர்.
அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்:
"பெட்டியை யார் மாற்றியது?"

இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார்.
துணை இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலில் எதுவும் தெரியவில்லை,
அந்த ஊரில் அந்த மாதத்திலும்.

கடைசி வரிசையில் நான்.
ஓய்வூதியத்துக்கு மூன்று வருடம்,
வீட்டுக் கடனுக்கு நான்கு.
வேலையில் சேர்ந்த அன்றே சொல்லித் தந்தார்கள்:
பட்டது என்று முடி, யாரும் மாட்டமாட்டார்கள்.
சரி. செய்தவர் இல்லை.
பட்டவர்?
நிலையத்து வாசலில் பூரெக் விற்கும் ஹஸீப்
விலை சொல்லவே இப்போது
இரண்டு மூச்சு எடுக்கிறார்.

"மாற்றினேன்" என்றேன்.
எழுந்து நின்றதும் இருமல் வந்தது, அதனால்
இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.
"நான் மாற்றினேன். பதினோராம் தேதி, மாலை நாலு பத்து,
மாற்றச் சொன்னது நீங்கள்."

கூட்டக் குறிப்பு மறுநாள் வந்தது:
ஊழியர் ஒருவரின் தவறு
ஒப்புக்கொள்ளப்பட்டது.
திங்கட்கிழமை நான் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டேன்.
அடையாள அட்டை வாங்கிக்கொண்டார்கள்,
மேசைச் சாவி, மழைச்சட்டை,
நாலு பேனா, எண்ணி.

ஏணியை மட்டும் யாரும் கேட்கவில்லை.
ஜனவரியில் அவசரத்தில் எடுத்தது,
பதிவேட்டில் ஏறவே இல்லை.
எங்கள் மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து நிற்கிறது.

நேற்று ராத்திரி ஸும்ரேதா காபி குடிக்க வந்தாள்.
வண்டல்வரை குடித்துவிட்டுக் கேட்டாள்,
"எத்தனை அடி அது?"
"பதினான்கு."
"நிலையத்துக் கூரை?"

"பன்னிரண்டு."