முப்பது வரை

தீர்ப்பு எழுதியது நான்தான்.
வலது முழங்கால், தேய்வு, மூன்றாம் கட்டம்.
இருநூறு கிலோ இரும்பை ஒற்றைக் காலில் தாங்கி நிறுத்துவது
இனி ஆகாதென்று அட்டையில் எழுதி
கையெழுத்தும் வைத்து
"மறுகா அந்த பைக்கை என்ன செய்யப்போறீங்க?"
என்று கேட்டதும் நான்தான்.

ஒஸ்மண்ட் றாகல் கட்டிலில் கிடந்தபடி
காலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.
முப்பது எண்ணச் சொல்லியிருந்தேன்.
இருபதில் விட்டுவிட்டார், அவர் வழக்கம்போல.
"இருபதில விட்டா கணக்கில்ல" என்றேன், என் வழக்கம்போல.
"மிஸ், இவ்வளவு நாளும் நீங்க பார்த்தது
என்ட முழங்காலயா, பைக்கையா?"

டச்பாரில், சவுக்கு மரங்களுக்குப் பின்னால்
பூப்போட்ட கட்டில் விரிப்பின் கீழே நின்றது.
யமஹா டிவேர்சன், நானூறு சீசீ, தொண்ணூற்றிரண்டு.
முன்னால் அரைக் கவசம்,
உப்புக்காற்றில் வெளுத்த சிவப்பு.
பந்தயக்காரன்போலக் கவிழ்ந்து படுக்கவும் வேண்டாம்,
தபால்காரர்போல விறைத்து இருக்கவும் வேண்டாம்.
நாரி நோகாமல் இருநூறு மைல் போகும் கோணம்.
பதினெட்டு வருடம் நாரி பார்த்தவள்
அதைக் கண்டால் விடுவாளா?

ஏழு சொன்னார்.
புகைக்குழாயின் அடியில் விரல் வைத்தேன்,
துரு பொருக்காய் வந்தது. ஆறே முக்கால்.
புக்கில் முதற் பெயர் குருநாகல்காரருடையது,
ஓப்பன் பேப்பரில் அவர் கையெழுத்துப் பாதி அழிந்திருந்தது. ஆறரை.
பிளேன்டியோடு வந்த டொறின்
"ஆறேகாலுக்குக் குடுங்க, எனக்கு விறாந்தை வேணும்" என்றாள்.
நான் காசு எண்ணும்போது
அவர் கடலைப் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை,
சைட் ஸ்டாண்டின் ஸ்பிரிங்குக்கு
கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார்.

பிறகு நான்கு மாதச் சம்பளம்.
ஏறாவூர் நிஹ்மத்தின் கராஜில்
முன்கால் இரண்டையும் கழற்றி
கறுத்த எண்ணெயை வடித்தோம்.
காபரேட்டர் நான்கு,
நான்கும் ஒரே மூச்சில் இழுக்க
இரண்டு ஞாயிறு போனது.
பிரேக்குக்குக் கம்பி பின்னிய குழாய்.
பின் ஷொக் பஞ்சிகாவத்தையிலிருந்து,
வேறேதோ பைக்கினுடையது,
வேறேதோ பாரத்துக்குப் பழகியது;
அதற்கும் பயிற்சி கொடுத்தோம்.
என் கால் நிலத்தில் படவேண்டுமே,
சீற்றின் பஞ்சை ஆரையம்பதி ரெயிலர் இரண்டங்குலம் செதுக்கினார்.
எல்ஈடி பூட்டிய இரவு
வாவிக்கரை முழுக்க வெள்ளையாகி
மீன்பிடிக்கிற ஒருவர் என்னைத் திட்டினார்.

றாகலுக்குப் படம் அனுப்பினேன்.
"கண்ணாடி என்னத்துக்கு மாத்தினீங்க?"
வேறொன்றும் எழுதவில்லை.

மார்கழி லீவில் ஒருநாள்
செங்கலடியில் கிறுகி பதுளை வீதி ஏறினேன்.
ஆறாயிரம் சுற்றில்தான் அது வாய் திறந்தது,
அதுவரை பேசினதெல்லாம் மரியாதைக்கு.
கரடியனாறு தாண்டி
ஒரு இருமல், இரண்டு இருமல்,
பிறகு வயலின் தவளைகள் மட்டும்.

ரிசேர்வுக்குத் திருப்பினேன். இல்லை.
பட்டனை அமத்தி அமத்தி
பற்றரியின் குரலும் இறங்கியது.
போனில் ஒரு கோடு சிக்னல்.

"ரிசேர்வா? அது என்ஜின் உறிஞ்சினாத்தான் வரும் மிஸ்.
டாப்பை இன்னும் ஒள்ளுப்பம் கிறுக்குங்க.
ப்ரைம். கையில படுதா?
இனி பட்டனத் தொடப்படாது.
முப்பது எண்ணுங்க."

இதை விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்க
வாய் திறந்தேன்.

"முழுசா எண்ணணும்.
இருபதில விட்டா கணக்கில்ல."

எண்ணினேன்.
கல் ஏற்றிய டிப்பர் ஒன்று சேறடித்துப் போனது.
டாங்கியின் உள்ளே எங்கேயோ
மெலிதாய் ஒரு வழிதல்.
போனை வைக்காமல் மறுமுனையில்
அவரும் எண்ணிக்கொண்டிருந்தார்,
பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சுவாங்க.
காலைத் தூக்கியிருக்கிறார்.

நான் இருபதுக்கு வந்தபோது
அவர் பதினாறில் நின்றார்.