சேதாரம்

சனிக்கிழமை, நாலேகால் மணி.
பதினேழு பேரின் வாரக் கூலியில்
பன்னிரண்டாவது ஆளுக்கு வந்திருந்தேன்.
பொன்னுரங்கம், கெட்டிக் கொலுசு.
கொடுத்த வெள்ளி எண்ணூற்று நாற்பது கிராம்,
திரும்பியது எண்ணூற்று முப்பத்தாறு.
அந்த நாலை அடிக்கும்போது
திரை கறுத்தது.

மின்சாரம் போகவில்லை.
தலைக்கு மேல் விசிறி சுற்றியது,
பட்டறையில் மெருகு மோட்டார் உறுமியது,
பெட்டிக்குள்ளும் ஏதோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.
திரை மட்டும் தோசைக்கல்.

மானிட்டரின் தோளில் தட்டினேன்.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
பொத்தானைப் பத்து எண்ணும்வரை அழுத்தி
விட்டு
மறுபடி அழுத்தினேன்.
வந்தது. கடவுச்சொல் கேட்டது,
முதலாளி வைத்த கஞ்சமலைப் படத்தைக் காட்டியது.
பதினோரு நிமிடம்.
பொன்னுரங்கத்தின் நாலு.
கறுப்பு.

"இந்த ஆளு பேரு வந்தாலே போகுது பாருங்க"
என்று வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
பொன்னுரங்கம் சிரிக்கவில்லை.
ஆறு மணிக்குத் தவணை வாங்க வருகிறவருக்கு
கம்ப்யூட்டர் கெட்டதெல்லாம் ஒரு காரணமா?

கிச்சிப்பாளையத்திலிருந்து நிலோபர் சிவதாபுரம் வந்து சேர
ஐந்தாகிவிட்டது.
பையில் ஒரு பிரஷ், திருப்புளி நாலு,
பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர்.
"பீப்னு சத்தம் வருதா?"
இல்லை.
"எப்பப் போகுது? சூடானாவா, எதையாச்சும் தொறந்தாவா?"
நான் பொன்னுரங்கத்தைப் பார்த்தேன்.

ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை
ரப்பரால் தேய்த்து மாட்டினாள். ஒன்பது நிமிடம்.
வேறு பவர் கேபிள். பதிமூன்று.
யுபிஎஸ்ஸை விலக்கி நேரே சுவரில். ஏழு.
நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்,
குறிப்பதுதானே என் வேலை.

அப்புறம்தான் பக்கத் தகட்டைக் கழற்றினாள்.
"அக்கா, இங்க வாங்க."

வீட்டுத் தூசி சாம்பல் நிறம்.
இது மினுங்கியது.
விசிறி இறக்கையில், அலுமினியக் கட்டையின் இடுக்கில்,
மதர்போர்டின் பச்சையில் அங்கங்கே
மீன் செதில் உதிர்ந்த மாதிரி.
அரம் தேய்க்கும்போது பறந்தது,
மெருகுச் சக்கரத்தில் பறந்தது,
நாலு வருஷமாக என் ஜன்னல் வழியே வந்து
இந்தப் பெட்டி மூச்சு இழுத்தபோதெல்லாம்
உள்ளே போய்ப் படுத்திருக்கிறது.
"கரன்ட்டு இது மேல குறுக்கால நடந்துருக்கு" என்றாள்.

ஊதுவதற்கு வாயைக் குவித்தாள்.
"ஊதாதம்மா!"
முதலாளி அர்த்தனாரி கல்லாவிலிருந்து ஓடி வந்தார்.
பேப்பர் விரித்தார். மின்விசிறியை நிறுத்தினார்.
நாலு பேர் பெட்டியைச் சாய்த்துப் பிடிக்க
பிரஷ் மெல்ல நடந்தது.

தராசு வந்தது,
கொலுசு நிறுக்கும் அதே கண்ணாடிக் கதவுத் தராசு.
பதினேழு பேரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
ஆறு கிராம், நூற்று நாற்பது மில்லி.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
வாரா வாரம் ஆளுக்கு இரண்டு, மூன்று,
சேதாரம் என்று தலைப்பிட்டு
நான்தான் கழித்தேன்,
இதே பெட்டியில்.

முதலாளி பேப்பரை எட்டாக மடித்தார்.
சட்டைப் பைக்குப் போன கை
பாதி வழியில் யோசித்து
மேசைமேல் இறங்கியது.
"உருக்குனா பாதிதான் தேறும். மீதி வெறும் மண்ணு,"
என்றார், யாரும் கேட்காமலே.

நிலோபர் மூடினாள், அழுத்தினாள்.
வந்தது. பதினோரு நிமிடம் தாண்டியது.
இருபது. முப்பது.
சேமிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது,
மீட்கட்டுமா என்று கேட்டது.
மீட்டேன்.
பொன்னுரங்கம் வரிசையில் எல்லாம் இருந்தது,
சேதாரக் கட்டத்தில் மட்டும்
ஒன்றுமில்லை.

"தூசி துடைச்சது, நானூத்தியம்பது,"
பில் புத்தகத்தைத் தொடையில் வைத்து எழுதினாள்.
"யாரு பேருல போடட்டும்?"

வெளியே தவணைக்காரரின் பைக் வந்து நின்றது.
பொன்னுரங்கம் என் தோளுக்குப் பின்னால் வந்து
வெற்றுக் கட்டத்தைப் பார்த்தார்,
மடித்த பேப்பரைப் பார்த்தார்.
"நாலுதானுங்களே, போடுங்கம்மா," என்றார்.
"நேரமாவுது."