மக்கர்க் கணக்கு

பர்தங் பள்ளத்தாக்கில்
பெட்ரோல் கண்ணாடி ஜாடிகளில் விற்கிறது.
ஷோத்மொன் கடை வாசலில் வரிசையாக,
தேன் நிறத்தில்,
அடியில் ஒரு விரல் வண்டலோடு.
"எண்பதா, தொண்ணூற்றிரண்டா?" என்று கேட்டேன்.
"எரியும்" என்றான்.

என் தலைத்துணியை நாலாக மடித்துப்
புனலில் இட்டு வடிகட்டினோம்.
அப்புறம் ஐந்து நாள்
என் கூந்தலுக்குள் ஒரு லாரி குடியிருந்தது.

வேலை பெரிதில்லை.
போன கோடையில் பனியாற்றில் துளையிட்டு இறக்கிய
பன்னிரண்டு மூங்கில்கள்
இப்போது எவ்வளவு வெளியே நீட்டுகின்றன என்று
அளந்துகொண்டு இறங்க வேண்டும்.
மேலே ஓடும் தண்ணீர் கிடையாது.
குடிப்பதெல்லாம் உருக்கிய பனி.
ஆக, இரண்டு உயிர்
ஒரு பித்தளை அடுப்பின் பொறுப்பில்.

ஹுதோநசாரின் நோட்டில்
இடப்பக்கம் மூங்கில் கணக்கு,
வலப்பக்கம் மக்கர்க் கணக்கு.

முதல் நாள்: பம்ப்பின் தோல் வாஷர் காய்ந்துபோயிற்று.
மவ்ஜூதா ஆப்ரிகாட் எண்ணெய் தடவினாள். சரி.
இரண்டாம் நாள்: மஞ்சள் தீ. பாத்திரம் கரி, சூப் கரி,
மவ்ஜூதா பேசவில்லை.
அதே நாள், மாலை: மூடி கசிகிறது. நூல் சுற்றினேன்.
மூன்றாம் நாள்: காரணமில்லாமல் நின்றது.
காரணமில்லாமல் எரிந்தது.

நான்காம் இரவு
நாலாயிரத்து எழுநூறு மீட்டரில்
காற்று கூடாரத்தைக் காதைப் பிடித்து உலுக்கியது.
பம்ப் அடித்தேன், முப்பது, நாற்பது.
அழுத்தம் ஏறுகிறது, வாய் திறக்கவில்லை.
ஷோத்மொனின் வண்டல்தான்,
முடியளவு துளையில் போய் உட்கார்ந்துவிட்டது.

"ஊசியை எடு" என்றேன்.
அவன் தன் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"ஊசி."
"முந்தாநாள் காலில் முள்.
எடுத்துவிட்டேன், முள்ளை."
"ஊசி?"
"அங்கேதான், கற்களுக்குள்."

கடைசி மிடறு அப்போதே தீர்ந்திருந்தது.
மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர்,
கல்லாக.

அவனுடைய நெற்றி விளக்கைத்தான் அறுத்தேன்.
அதில் எனக்குக் குற்றவுணர்வு இல்லை.
ஒயரின் தோலை உரித்து
செம்பு இழைகளில் ஒன்றைப் பிரித்தேன்.
விரல் மரத்துவிட்டதால்
உதட்டில் கவ்வி நேர்ப்படுத்தினேன்.
முதல் இழை மடங்கியது.
இரண்டாவது, துளைக்குள் நுழைந்தது,
ஒரு கரும்புள்ளி வெளியே வந்தது,
கடுகில் கால்வாசி.

ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி
வால்வைத் திருகியபோது
மஞ்சள் நாக்கு ஒன்று எழுந்து
என் இடப்புருவத்தை வாங்கிக்கொண்டு போனது.
பிறகு நீலம்.
பிறகு அந்த இரைச்சல்.
பக்கத்தில் இருப்பவன் மன்னிப்புக் கேட்டாலும்
காதில் விழாத இரைச்சல்.
அவன் வாய் அசைந்ததை மட்டும் பார்த்தேன்.
பனிக்கட்டி பாத்திரத்தில் ஒருமுறை புரண்டு படுத்தது.

ஹோரோக் திரும்பியதும்
அலுவலகத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள்.
உபகரணம் நம்பத்தக்கதா? ஆம். இல்லை.
பதினோரு மக்கர் என்றான் ஹுதோநசார்,
இல்லையில் பேனாவை வைத்தபடி.
பதினோரு முறையும் டீ குடித்தோமே என்றேன்.
அது நீ செய்த ரிப்பேர், அடுப்பின் குணமா என்றான்.
திறந்து பார்க்க விடுகிறதே,
அதுவும் ஒரு குணம்தான் என்றேன்.
அவனுடைய புது விளக்கு
பசை வைத்து மூடியது. திருகாணியே இல்லை.
அது கெட்டால் கெட்டதுதான்.

இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு
ஓரத்தில் எழுதினேன்: எரியும்.

இடப்பக்கத்தை அவன் நிதானமாகப் பார்த்து எழுதினான்.
ஏழாம் எண்ணில் பேனா நின்றது.
நாலு மீட்டர் ஆழத்தில் நட்ட மூங்கில்
பனிமேல் படுத்துக் கிடந்ததை
எந்த எண்ணாக எழுதுவதென்று
அவன் என்னைப் பார்த்தான்.
நான் புருவமில்லாத இடத்தைத்
தடவிக்கொண்டிருந்தேன்.