நான்காண்டுக்கொரு முறை

நான்காண்டுக்கொரு முறை நான் மூழ்கியாக வேண்டும்.
சட்டம் அப்படி.
வடகடல் எண்ணெய் மேடையில் ரொட்டி சுடுகிறவள் நான்.
வாணலியில் அல்லாமல் எண்ணெயைத் தொட்டதில்லை.
ஹெலிகாப்டருக்கு அது தெரியாது,
கடலுக்கும்.

ஸ்தவாங்கருக்கு வெளியே ஒரு கூடம்.
உள்ளே நீலக்குளம்.
குளத்தின்மேல் சங்கிலியில் தொங்கும் பெட்டிக்கு
விசிறியில்லை, எஞ்சினில்லை.
எட்டு இருக்கை, எட்டு வார்.

"ஒரு கை ஜன்னலில், ஒரு கை கொக்கியில்.
புரண்டு நிற்கும்வரை கொக்கியை அவிழ்க்காதீர்கள்.
அவிழ்த்தால்
மேல் எது கீழ் எதென்று தெரியாமல் போகும்"
என்றாள் இங்வில்ட்.
வெளியே மழை.
எங்களூரில் அதையெல்லாம் யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

என் வலப்பக்கம் தோர்மூட்.
இருபத்திரண்டு வருட வெல்டர்,
காலையில் மூன்று முட்டை கேட்கிறவன்.
"இது எனக்கு ஆறாவது சாவு" என்றான்.
சிரித்தோம்.

தண்ணீர் கணுக்காலில், மடியில், கழுத்தில்.
மூச்சை இழுத்தேன்.
உலகம் தோசைபோலத் திரும்பியது.
குளோரின் மூக்கு வழி மண்டைக்கு ஏற
ஏழு வரை எண்ணி
ஜன்னலைத் தள்ளி
வெளியே வந்தேன்.

மேலே எண்ணினால்
ஏழு தலை.

முக்குளிப்பவர்கள்தான் அவனைக் கொண்டுவந்தார்கள்.
கொக்கி கோளாறு என்றான்.
சோதித்தார்கள். கோளாறில்லை.
மறுமுறையும் அப்படியே.
மூன்றாம் முறை, பெட்டி இறங்குமுன்,
ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கும் பள்ளிப்பையன்போல
கையை உயர்த்தினான்.

இங்வில்ட் ஒன்றும் சொல்லவில்லை.
"நிறைவு செய்யவில்லை" என்ற கட்டத்தில்
ஒரு கோடு.
வேறு எதுவும் எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அவன் கார்
வைப்பர் ஓட, நகராமல் நின்றது.
கண்ணாடியைத் தட்டலாமா என்று இரண்டடி போனேன்.
தட்டவில்லை.
ஏனென்று இன்னும் யோசிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பறந்தோம்.
பக்கத்து இருக்கையில் ஒரு பையன்,
சான்றிதழின் சூடு ஆறாதவன்.
நான் சொல்லாமலே என் இடக்கை
ஜன்னலின் விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் விடிகாலை மாவின்மேல் குனிந்தபோது
மூக்கிலிருந்து ஒரு சொட்டுக் குளத்துநீர்.
நாலு நாள் எங்கே ஒளிந்திருந்ததோ.
அந்த உருண்டையைக் கிள்ளி எறிந்தேன்,
கையைக் கழுவினேன்,
கழுவியதைப் பதிவேட்டில் எழுதினேன்.

பிறகுதான் அடுப்பைப் பார்த்தேன்.
யாரும் கேட்காத மூன்று முட்டைகள்
ஒன்றையொன்று மெல்ல இடித்தபடி
வெந்துகொண்டிருந்தன.